பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

அன்புள்ள தம்பிக்கு,

காவிரியில் வரத்து கூடி, பரிசலுக்குத் தடை போட்டிருந்த நாட்களில் எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. ஒகேனக்கல்லில் பரிசல் நின்றால் ஊரே நின்ற மாதிரிதான். மீன் வறுக்கிற கடைக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், வந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற அக்காக்கள் என்று எல்லோருக்கும் கை ஓய்ந்துவிடும். உங்கள் அப்பாவும் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டில் இருந்திருக்கிறார். அப்படிச் சும்மா இருந்த ஒரு மத்தியானத்தில் காஸியோபியா என்கிற ஜப்பானியக் குழுவின் 'மின்ட் ஜாம்ஸ்' ஆல்பத்தைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். இரண்டு உருப்படியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டாராம்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?"

அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் இந்த மாதிரி ஓர் இசைக்குழு ஏன் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கேட்டதில் தப்பே இல்லை. கிடாரும் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஓட ஆரம்பித்தால், அடுத்து எஸ்.பி.பி. வரப்போகிறார் என்று தமிழ்க் காது தயாராகிவிடும். ஐம்பது வருஷப் பழக்கம். வர வேண்டியவர் வரவில்லை என்றால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள்.

முதலில் உங்கள் ஆல்பத்தைப் பற்றி. 1982 பிப்ரவரியில் டோக்கியோ அரங்கம் ஒன்றில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்தது அது. பிறகு ஸ்டூடியோவில் வைத்து, கைதட்டலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் கச்சேரியின் சூடும் ஸ்டூடியோவின் சுத்தமும் ஒன்றாகக் கேட்கின்றன. கிடார் இஸ்ஸெய் நோரோ, கீபோர்ட் மினோரு முகாயா, பேஸ் டெட்சுவோ சகுராய், டிரம்ஸ் அகிரா ஜிம்போ. நான்கு பேரில் ஒருவருக்கும் அன்றைக்கு இருபத்தைந்து வயது தாண்டவில்லை. ஏழு உருப்படிகள், ஒரு வரி பாட்டு கிடையாது. 'அசாயகே' தொடங்கும்போது நோரோவின் வலது கை போகிற வேகத்தைக் கவனித்திருப்பீர்கள். அந்த வேகத்திலும் ஓர் அடிகூடப் பிசகுவதில்லை. 'டொமினோ லைன்' சகுராய் எழுதியது. அதில் பேஸ் கிடார் முன்னுக்கு வந்து பேசும். தலைப்பைக் கவனித்தீர்களா? நான்கு பேருடைய பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்துச் செய்த தலைப்பு அது. வாசித்தவர்களின் பெயரே ஆல்பத்தின் பெயராக இருக்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தக் குழு வளர்ந்ததில் யமஹாவுக்குப் பங்கு உண்டு. எழுபதுகளில் யமஹா நிறுவனம் பெயர் தெரியாத இளைஞர் குழுக்களுக்காகப் போட்டிகள் நடத்தியது. காஸியோபியா கவனத்துக்கு வந்தது அப்படி ஒரு போட்டியில்தான். நோரோ கையில் வைத்திருந்த கிடாரும் யமஹா. நம் பக்கத்தில் யமஹா என்றால் ஆர்எக்ஸ் 100 தான் ஞாபகம் வரும். யமஹாவின் சின்னத்தை உற்றுப் பார்த்தால் மூன்று இசைக்கவைகள் தெரியும். ஆர்மோனியம் போன்ற ரீட் ஆர்கன் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. மோட்டார் சைக்கிளுக்கு வந்தது வெகு காலம் கழித்து. கீபோர்ட் வாசித்த முகாயாவின் கதை இன்னும் வேடிக்கை. அவர் ரயில் பைத்தியம். பிற்காலத்தில் ரயில் ஓட்டும் கணினி விளையாட்டு செய்கிற கம்பெனி தொடங்கினார். ஜப்பானில் ரயில் கிளம்பும் முன் பிளாட்பாரத்தில் சில விநாடிகள் ஒரு மெட்டு ஒலிக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு அப்படி மெட்டுப் போட்டுக் கொடுத்தவர் அவர். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று அங்கே யாரும் காத்திருக்க முடியாது. கதவு மூடிவிடும்.

இப்போது அப்பா பக்கம் வருகிறேன். சொல் இல்லாத இசை அவருக்குப் பழக்கமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய கோயில்களில் சாமி புறப்படும்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டையில், தவிலோடு. அதற்குச் சாகித்தியமே கிடையாது, பாட ஒரு வார்த்தைகூட இல்லை. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று வகை உண்டு. தோளில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு நிற்கிற யாரும் அங்கே பாடகர் எங்கே என்று கேட்டதில்லை. உங்கள் பக்கத்து அம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் ஓங்கும்போது சாமி வந்து ஆடுகிறவருக்கும் வார்த்தை தேவைப்படுவதில்லை.

அது சாமி காரியம், இது பொழுதுபோக்கு என்று நீங்கள் சொல்லலாம். சரி, திருவிழாவின் ராத்திரிக்கு வருவோம். மெல்லிசைக் கச்சேரி. பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ அப்பாவோடு ஒரு கச்சேரிக்காவது போயிருப்பீர்கள். முதல் விசில் எப்போது பறக்கிறது? பாடகர் பல்லவியை எடுக்கும்போது ஒன்று. அதைவிடப் பலமாக, பல்லவி முடிந்து கீபோர்டுக்காரர் 'ஃபர்ஸ்ட் பிஜிஎம்'மை ரிகார்டில் இருக்கிற மாதிரியே இம்மி பிசகாமல் எடுத்துப் போடும்போது. புல்லாங்குழல் துணுக்கு ஒன்று விட்டுப்போனால் கூட்டம் முணுமுணுக்கும். "செகண்ட் பிஜிஎம்ல சொதப்பிட்டான்" என்று மறுநாள் டீக்கடையில் பேச்சு வரும். சினிமாப் பாட்டில் சொல்லே இல்லாத அந்த இருபது, முப்பது விநாடிகளை மனப்பாடமாக வைத்திருக்கிற ஜனங்கள் நாம்.

நான் சொல்ல வந்தது இதுதான் தம்பி. உங்கள் 'மின்ட் ஜாம்ஸ்' தமிழிலும் பதிவாகியிருக்கிறது. அது ஒரே ஆல்பமாக இல்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில், துண்டு துண்டாக, ஆயிரக்கணக்கான பாட்டுகளில் கிடக்கிறது.

அதே 1982ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் இந்த நான்கு பேர் வாசித்த வருஷம்தான் இங்கே 'நினைவெல்லாம் நித்யா' வந்தது. அதில் 'பனிவிழும் மலர்வனம்' பாட்டைத் திரும்பக் கேளுங்கள். சலநாட்டை ராகம். கர்நாடக மேடையிலேயே அடிக்கடி கேட்கக் கிடைக்காத ராகம் அது. அதைக் கிடார் எடுத்துக்கொண்டு போகிற நடையையும் கீழே பேஸ் தன் போக்கில் வேறு ஒரு மெட்டை நடத்துவதையும் கேளுங்கள். பாடுகிறவர் வாய் மூடியிருக்கும் இடங்களை மட்டும் வெட்டி எடுத்துக் காஸியோபியாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜாஸ் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன், அந்த வாதத்துக்குள் போகவும் ஆசையில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே வகைத் தேர்ச்சி வேலை செய்கிறது.

அந்தத் தேர்ச்சி யாருடையது? இளையராஜாவின் குழுவில் கிடாருக்கு சதானந்தம், பேஸுக்கு சசிதரன், கீபோர்டுக்கு விஜி மானுவேல், டிரம்ஸுக்கு புருஷோத்தமன், வயலினுக்கு வி.எஸ்.நரசிம்மன். இன்னும் பலர். இவர்கள் ஒவ்வொருவரும் தனியாக ஒரு குழுவைத் தூக்கி நிறுத்தக்கூடியவர்கள். ஆனால் அவர்கள் வாழ்ந்தது கால்ஷீட் கணக்கில். காலையில் தியேட்டருக்கு வந்தால் ராஜா எழுதிக் கொடுத்த நொட்டேஷன் கைக்கு வரும். பார்த்த மாத்திரத்தில் வாசித்து, ஒத்திகை பார்த்து, பாடகர் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து டேக் போவார்கள். நடுவில் ஒருவர் தப்பு செய்தால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலும் அன்றைக்கே பாட்டு முடிந்துவிடும். மறுநாள் வேறு படம், வேறு பாட்டு. டோக்கியோ இளைஞர்கள் அரங்கில் காட்டிய ஒழுங்கை இவர்கள் தினசரி வேலையாகவே பார்த்தார்கள்.

ஆனால் அந்த நாளைய இசைத்தட்டு உறையைப் பாருங்கள். படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர்கள். வாசித்தவர் பெயர் வழக்கமாக இருக்காது. அங்கே பெயர்களைக் கோத்துத் தலைப்பு செய்தார்கள், இங்கே பெயரே அச்சாகவில்லை. தமிழில் குழு ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: குழு இருந்தது. சினிமா அதற்குச் சோறு போட்டது, பெயர் போடவில்லை.

சினிமாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய சென்னையில் சினிமாவை விட்டால் பேஸ் கிடார் வாசித்து வீட்டு வாடகை கட்டுவது எப்படி? ஜப்பானில் இசைக்கருவிகளை உள்ளூரிலேயே செய்து விற்றார்கள், போட்டி வைத்தார்கள், பாட்டில்லாத ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தது. இங்கே நல்ல கீபோர்ட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து இறக்குவதற்குள் சுங்க வரியில் பாதி உயிர் போய்விடும். அப்படி வந்து சேர்ந்த கருவிகளும் சினிமா வேலைக்கே போயின. 'புன்னகை மன்னன்' (1986) படத்துக்கு யமஹாவின் இசைக் கணினியைப் பயன்படுத்தியபோது அதில் வேலை செய்தவர் அன்று கீபோர்ட் கலைஞராக இருந்த ஏ.ஆர்.ரஹ்மான். அந்தப் படத்தின் தீம் மியூசிக்கில் பாட்டு கிடையாது. ரிங்டோன் வந்த காலத்தில் எத்தனை ஆயிரம் போன்களில் அது ஒலித்தது என்று அப்பாவுக்கே தெரியும்.

தமிழ்க் கலைஞர்கள் பெயரோடு ஆல்பம் போட்ட கதையும் உண்டு. சென்னையில் நடந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நடந்தது அமெரிக்காவில்.

ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிடார் கலைஞர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை வைத்துக் காது கிழிய மின்சார கிடார் வாசித்துப் புகழ் பெற்றவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் தென்னிந்திய இசையில் பித்துப் பிடித்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார் வயலின் எல்.சங்கர். சென்னையில் பிறந்து, அப்பா வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததால் அங்கே வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பியவர். தபேலாவுக்கு மும்பையின் ஜாகிர் உசேன். கடத்துக்கு விக்கு விநாயக்ராம். முதல் ஆல்பத்தில் மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். குழுவின் பெயர் சக்தி. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் என்ற ஊரின் கல்லூரியில் வாசித்ததை அப்படியே பதிந்து அடுத்த வருஷம் ஆல்பமாக விட்டார்கள். உங்கள் 'மின்ட் ஜாம்ஸ்' போலவே நேரடிப் பதிவு. மூன்றே உருப்படிகள். கடைசி உருப்படி மட்டும் அரை மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவு.

இதில் டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, கீபோர்ட் இல்லை. கிடாரும் மின்சாரம் இல்லாதது. மெக்லாஃப்லின் தன் கிடாரின் கழுத்தில் ஃப்ரெட் என்கிற மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளம் செய்துகொண்டார். வீணையில் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் கொடுப்பது போலக் கொடுக்க அது வசதி. குறுக்கே ஏழு தந்திகளைத் தனியாகக் கட்டிச் சுருதிக்கு விட்டார். பேஸ் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கடம் செய்தது. பானையின் வாயை வயிற்றில் அழுத்தித் தட்டும்போது வருகிற அந்தக் கும்மென்ற ஒலி பேஸ் அல்லாமல் வேறென்ன?

கடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கர்நாடகக் கச்சேரி மேடையில் கடம் உப பக்கவாத்தியம். மிருதங்கக்காரருக்குப் பின்னால் தள்ளி உட்காரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் விட்டுக்கொடுத்த இடத்தில் வாசித்து ஒதுங்கிக்கொள்ளும். சக்தியில் அதே கடம் முன்வரிசையில், தபேலாவுக்குச் சமமாக உட்கார்ந்தது. ஐந்து பேரில் எவர் பெரியவர் என்று கேட்டுப் பார்த்தால் சொல்ல முடியாது. விநாயக்ராமின் அப்பா டி.ஆர்.ஹரிஹர சர்மா சென்னையில் நடத்திய தாள வாத்தியப் பள்ளியிலிருந்து கிளம்பிய ஒரு பானை, இரண்டு மூன்று ஆண்டுகளில் உலக மேடைகளில் தனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்துவிட்டது. நம் ஊரில் அதற்குத் தனி இடம் கிடைக்க இந்தச் செய்தி திரும்பி வர வேண்டியிருந்தது என்பது எனக்குள்ள வருத்தம்.

முதல் உருப்படியின் பெயர் 'ஜாய்'. பதினெட்டு நிமிஷம். அப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டும்போது கிடாரைப் பின்தொடரச் சொல்லாதீர்கள், மூச்சு வாங்கும். தொடையில் தாளம் போடச் சொல்லுங்கள். வயலினும் கிடாரும் என்ன பறந்தாலும் அடியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீரோட்டத்தில் பரிசல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அப்பா நினைத்த துறையில்தான் போய் முட்டும் இல்லையா, அப்படித்தான் இந்த வாசிப்பும். சுற்றுவது வேடிக்கைக்கு, சேர வேண்டிய இடம் முன்னமே முடிவானது. 'தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தச் சேருமிடம் வருவது இரண்டு ஆவர்த்தனம் முன்பே தெரிந்துவிடும். தெரிந்தே காத்திருப்பதில்தான் ருசி. மெக்லாஃப்லின் இந்தச் சொற்கட்டை விடாமல் படித்தார். பின்னாளில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் சொல்லிக்கொடுக்கும் வீடியோ பாடமே வெளியிட்டார். வடக்கத்தித் தபேலாவும் தெற்கத்திக் கடமும் ஆங்கிலேயக் கிடாரும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டது ராகத்தால் அல்ல, எண்ணிக்கையால் என்பது என் கட்சி.

முதல் சக்தி சில வருஷங்களில் கலைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வேறு பெயரில் மறுபடி கூடியபோது மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், கடத்தின் இடத்தில் செல்வகணேஷின் கஞ்சிரா வந்தது. ஸ்ரீநிவாஸ் 2014இல் போய்விட்டார். 2024 பிப்ரவரியில் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜாகிர் உசேனும் போய்விட்டார். பிற்கால ஆல்பங்களில் சங்கர் மகாதேவன் பாடுகிறார். அதனால் அப்பாவுக்கு அவை எளிதாக இருக்கும். எனக்கு அந்த முதல் ஆல்பம்தான். யாருக்காகவும் எதையும் குறைத்துக்கொள்ளாமல் வாசித்தது அது.

எல்.சங்கரின் குடும்பத்தைப் பற்றி ஒரு சேதி. அவருடைய மூத்த அண்ணன் எல்.வைத்தியநாதன். கமல்ஹாசன் நடித்து 1987இல் வந்த 'பேசும் படம்' ஞாபகமிருக்கிறதா என்று அப்பாவைக் கேளுங்கள். ஒரு வசனம்கூட இல்லாத படம். அதற்கு இசை அவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வார்த்தையே இல்லாமல் தமிழ் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். 'மால்குடி டேஸ்' தொடரின் முகப்பிசையும் அவர் கைவேலை.

சென்னைக்கு வருவோம். 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். படம் இல்லை, பாட்டு இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக் என்ற மேதைக்கும் சமர்ப்பணம். வயலின் வி.எஸ்.நரசிம்மன். பல வருஷம் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் அரை நிமிஷம் வாசித்துக்கொண்டிருந்த கை, அன்றைக்குத் தன் பெயரோடு முழு ஆல்பத்துக்கு வாசித்தது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியை முதலில் கேளுங்கள். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் பிரெலூட் அதில் வருகிறது. பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா அந்தப் பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமதையாகப் பேசுகிறார். அடுத்த உருப்படியின் தலைப்பே 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. கூச்சமும் இல்லை, அலட்டலும் இல்லை.

எல்லா உருப்படிகளும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 'ஸ்டடி ஃபார் வயலின்' பெயருக்கேற்ற மாதிரி பாடப் பயிற்சியாகவே நிற்கிறது. சில இடங்களில் இலக்கணம் முந்திக்கொண்டு ஓடுகிறது, மனசு பின்னால் வருகிறது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தபோது இந்த ஆல்பத்தின் இசையைத்தான் பின்னணிக்கு வைத்துக்கொண்டார். 'வீடு' பாட்டே இல்லாத படம். கடன் வாங்கி ஒரு வீடு கட்டப் படாத பாடு படுகிற நடுத்தரக் குடும்பத்தின் கதைக்கு, தியாகராஜருக்கும் பாக்குக்கும் எழுதிய இசை அப்படியே பொருந்தியது. டெலிவிஷனில் அதைப் பார்த்து அழுதவர்கள் யாருக்கும் அது ஃப்யூஷன் என்று தெரிந்திருக்காது. 1988லேயே ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை வைத்து 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அது இன்னும் இலகுவானது, நிறையப் பேர் வீட்டில் காசெட்டாக இருந்தது.

காஸியோபியா, சக்தி, 'ஹவ் டு நேம் இட்?' என்ற மூன்றையும் வரிசையாகக் கேட்டால் ஒரு வித்தியாசம் பிடிபடும். அடுத்த ஸ்வரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. சக்தியில் அந்த நிமிஷத்தில் வாசிப்பவர் முடிவு செய்கிறார். இளையராஜாவின் ஆல்பத்தில் எழுதியவர் எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிட்டார், வாசிப்பவரின் பெருமை அதைக் குறையில்லாமல் கொண்டுவருவதில் இருக்கிறது. காஸியோபியா இரண்டுக்கும் நடுவில். கட்டுக்கோப்பாக எழுதிய மெட்டு, அதில் ஆளுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைத்துத் தனியாக வாசிக்க இடம். உங்களுக்கு எது பிடிக்கிறது என்பதை வைத்து உங்கள் சுபாவத்தைக்கூடச் சொல்லிவிடலாம், ஆனால் ஜோசியம் என் தொழில் இல்லை.

இன்றைக்கு சபாக்களில் ஃப்யூஷன் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த கீர்த்தனை ஒன்றை எடுத்து, அடியில் டிரம்ஸை ஓட விட்டு, பேஸ் கிடார்க்காரரை ஒரே ஸட்ஜத்தில் நிறுத்தி வைத்தால் அது உரையாடல் ஆகாது. அவர் பாவம், கச்சேரி முழுக்கச் செவிடன் போல நிற்கிறார். சசிதரன்களின் ஊரில் இப்படி ஒரு காட்சி.

உங்கள் ஊரிலிருந்து இதற்கெல்லாம் வெகு தூரம் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தூரமில்லை. ரஹ்மானின் முதல் படமான 'ரோஜா'வின் (1992) 'சின்னச் சின்ன ஆசை'யில் வருகிற அருவியில் உங்கள் ஒகேனக்கல்லும் உண்டு. அந்த ரஹ்மான் அதற்கு முன் குழுக்களில் கீபோர்ட் வாசித்தவர், ஜாகிர் உசேனோடும் எல்.சங்கரோடும் மேடையேறியவர். மூன்று வருஷத்தில் அவர் செய்த 'பம்பாய்' தீமில் நவீன் குமாரின் புல்லாங்குழல் ஒரு வார்த்தையும் பேசாது. ஜப்பானும் உங்களுக்கு அந்நியமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளோரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்டவர்களுக்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம். 2013இல் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. காவிரித் தண்ணீரைக் குழாயில் ஏற்ற ஜப்பான் பணம் வந்த ஊரில், ஜப்பான் இசை போனில் ஓடுவதில் என்ன ஆச்சரியம்?

கடைசியாக, கேட்கிற வழி. போனின் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, அருவிச் சத்தத்தில் சுத்தமாகக் கேட்காது. சாதாரண ஒயர் ஹெட்போன் ஒன்று போதும். முதலில் 'பனிவிழும் மலர்வனம்'. பாட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு முழுக்கப் போய்வரச் சொல்லுங்கள் அப்பாவை. முதல் முறை நழுவும், பரவாயில்லை. பிறகு 'டொமினோ லைன்'. அங்கேயும் பேஸ்தான். அதற்குப் பிறகு வேண்டுமானால் 'ஜாய்'. 'ஹவ் டு நேம் இட்?'டை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்கிற குணம் கிடையாது.

ஆடிப்பெருக்குக்கோ ஊர்ப் பண்டிகைக்கோ அடுத்த மெல்லிசைக் குழு உங்கள் பக்கம் வரும். கச்சேரி முடிந்து செட்டைக் கழற்றி வேனில் ஏற்றும்போது, பின்வரிசையில் பேஸ் வாசித்தவரிடம் போய்ப் பெயர் கேளுங்கள். யாரிடம் கற்றார், எந்தப் பாட்டின் செகண்ட் பிஜிஎம் வாசிக்கப் பிடிக்கும் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்